மூன்று ஆட்டங்கள் போதுமா?

சென்ற ஞாயிறு மாலை ஆட்டம் முடிந்து தேநீர்க் கடையில் நின்றிருந்தபோது நம் சங்கத்துக் கிரிக்கெட் அணியினரிடையே ஒரு வழக்கு எழுந்தது. முதலாண்டு மாணவர் ஒருவரைத் தொடக்க ஆட்டக்காரராக இறக்கி மூன்று பந்தயங்கள் ஆகிவிட்டன. மூன்றிலும் சேர்த்து அவர் எடுத்தவை ஒன்பது ஓட்டங்கள். "வரும் ஞாயிறு அவரை உட்கார வைப்போம்" என்றனர் சிலர். "இன்னும் பார்ப்போம்" என்றனர் வேறு சிலர். அவரும் அங்கேதான், கையில் கோப்பையோடு, காதில் எதுவும் விழாதவர்போல் நின்றிருந்தார். அன்று நான் வாய் திறக்கவில்லை. ஆதலால் இன்று எழுதுகிறேன்.

இவ்வழக்குக்குப் புனே நகரமே ஒரு சான்று தந்திருக்கிறது. ருதுராஜ் கெய்க்வாட் 1997-இல் இங்கே பிறந்தவர். தேர்காவில் உள்ள வெங்சர்க்கார் பயிற்சிக்கூடத்தில் ஆடிப் பழகியவர். 2018 டிசம்பர் ஏலத்தில் சென்னை அணி அவரை 20 இலட்ச ரூபாய்க்கு எடுத்தது. 2019 முழுவதும் ஓர் ஆட்டம்கூட இல்லை. 2020-இல் அமீரகம் சென்றதும் கொரோனா தொற்றித் தனிமையில் கிடந்தார். பிறகு செப்டம்பர் 22 அன்று சார்ஜாவில் முதல் ஆட்டம்: சந்தித்த முதல் பந்திலேயே ஸ்டம்பிங். அடுத்ததில் ஐந்து ஓட்டங்களில் ரன் அவுட். ஏறத்தாழ ஒரு மாதம் வெளியே உட்கார்ந்துவிட்டு மும்பைக்கு எதிராக வந்தார்; மீண்டும் சுழி. மூன்று ஆட்டங்களில் ஐந்து ஓட்டங்கள்! நம் முதலாண்டுத் தம்பி எவ்வளவோ மேல்.

இனி நான் படிக்கும் அறிவியலின் பக்கம் சற்று வாருங்கள். தொடக்க ஆட்டக்காரர் ஒருவர் மூன்று முறைக்கு ஒரு முறை பத்து ஓட்டங்களுக்குள் வீழ்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புதுப்பந்தை முதல் ஓவரிலிருந்தே அடித்தாடவேண்டிய இருபது ஓவர் ஆட்டத்தில் இது பெருங்குறை அன்று. ஓர் ஆட்டம் மற்றோர் ஆட்டத்தைச் சாராது என்று கொண்டால், அவருடைய முதல் மூன்று ஆட்டங்களும் அப்படியே முடிய வாய்ப்பு 27-இல் 1. அரிதுதான். ஆனால் 14 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் எங்கேனும் ஓரிடத்தில் தொடர்ந்து மூன்று வீழ்ச்சிகள் வரும் வாய்ப்பைக் கணக்கிட்டுப் பார்த்தேன்; நூற்றுக்கு 28 வந்தது. திறமை ஒரு துளியும் குறையாமலே நால்வரில் ஒருவருக்கு இது நேரும்! பழகிய ஆட்டக்காரருக்கு நடுப்பருவத்தில் வந்தால் நாம் கவனிப்பதுகூட இல்லை. புதியவனுக்குத் தொடக்கத்திலேயே வந்துவிட்டால் அதுவே அவன் பெயராகிவிடுகிறது.

அந்த 2020-இலேயே கெய்க்வாட் அடுத்த மூன்று ஆட்டங்களில் 65, 72, 62 எடுத்தார். "பார்த்தீர்களா, பொறுமையின் பயனை!" என்று இக்கதையைச் சொல்வோர் பலர். நான் அதை முழுதும் ஏற்பதில்லை. அவ்வாண்டு சென்னை அணி ஏழாம் இடத்திற்குச் சரிந்துவிட்டது. இழக்க ஒன்றும் இல்லாதபோது காட்டும் பொறுமைக்கு விலை குறைவு. உண்மையான சோதனை 2021-இல் வந்தது. முதல் மூன்று ஆட்டங்களில் 5, 5, 10. வெளியே ராபின் உத்தப்பா காத்திருந்தார். இருந்தும் கெய்க்வாட்டை மாற்றவில்லை. நான்காம் ஆட்டத்தில் 64. பருவ முடிவில் 635 ஓட்டங்கள், ஆரஞ்சுத் தொப்பி, அணிக்குக் கோப்பை. 2024-இல் அணித்தலைமையும் அவரிடம் வந்தது.

ஆனால் ஒருவருக்குத் தரும் இடம் மற்றொருவருக்குக் கிடைக்காத இடம் அன்றோ? கோவை ஜெகதீசன் அதே 2020-இல் தம் முதல் ஐ.பி.எல். ஆட்டத்தில் 33 ஓட்டங்கள் எடுத்தவர். பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகவே அவரை ஆடவைத்தனர். 2022 நவம்பரில் விடுவித்தும் விட்டனர். அம்மாதமே விஜய் ஹசாரே போட்டியில் தமிழ்நாட்டுக்காகத் தொடர்ந்து ஐந்து சதங்கள் அடித்தார். ஐந்தாவது 277, அதுவரை அவ்வகை ஆட்டத்தில் உலகில் எவரும் எட்டாத எண்ணிக்கை. அவரைப் பற்றிய பொறுமைக் கதையை எவரும் சொல்வதில்லை.

ஆகவே எல்லாருக்கும் காத்திருங்கள் என்று நான் சொல்லவரவில்லை. அது முடியவும் முடியாது. அணியில் இடம் பதினொன்றுதான். ஓட்டங்களைத் தவிர வேறு எதைப் பார்க்கிறோம் என்பதே என் கேள்வி. ஆய்வகத்தில் என் முதல் சோதனைகள் பொய்த்தபோது, என் ஆசிரியர் முடிவைக் கேட்கவில்லை. குறிப்பேட்டைத்தான் வாங்கிப் பார்த்தார். அளவிட்ட முறை சரியாக இருந்ததால் மறுபடி செய்யச் சொன்னார்.

நம் தம்பியின் குறிப்பேட்டையும் புரட்டுவோம். வலைப்பயிற்சியில் அவர் மட்டை நேராக வருகிறது. பந்தைத் தாமதித்து ஆடுகிறார். முதல் ஆட்டத்தில் நல்ல பந்து ஒன்று அவரை வீழ்த்தியது. மூன்றாம் ஆட்டத்தில் அவசரப்பட்டார். அது அவர் பிழை. இரண்டாம் ஆட்டத்தில் ரன் அவுட். இல்லாத ஓட்டத்துக்கு அவரை அழைத்துவிட்டுப் பாதியில் திரும்பி ஓடியவன் நான். தேநீர்க் கடையில் அதை அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வரும் ஞாயிறு ஒருவரை உட்கார வைத்தே ஆகவேண்டுமென்றால், அணித்தலைவர் என் பெயரை முதலில் எண்ணிப் பார்க்கலாம்.