பறவை காப்பதும் ஒரு பணியே

பட்டம் பெற்றபின் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால் ஆசிரியர், வங்கி எழுத்தர், கிராம நிர்வாக அலுவலர் என்றே நம்மில் பெரும்பாலோர் விடை கூறுவோம். ஊர் மக்களோடு இணைந்து வன உயிர்களைக் காக்கும் பணியும் ஒன்று உண்டு. அதனை எடுத்துரைப்பதே என் நோக்கம்.

காடில்லாத லால்குடி வட்டத்தாருக்கு அதில் என்ன வேலை என்று எண்ண வேண்டாம். நம் பகுதி வயல்களுக்குப் பாயும் புள்ளம்பாடி வாய்க்கால் நீரே, வடகிழக்கே அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்கும் செல்கிறது. ஏறத்தாழ 454 ஹெக்டேர் பரப்புள்ள இவ்வேரி 1999இல் பறவைகள் சரணாலயமாயிற்று. 2024இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்து உட்பட 190க்கும் மேற்பட்ட பறவையினங்கள் இங்குக் காணப்பட்டுள்ளன.

ஆயினும் ஏரி பறவைக்கு மட்டும் உரியதன்று. நெல்லும் கரும்பும் பருத்தியும் இதன் நீரால் விளைகின்றன. மதகைத் திறந்தால் ஏரி வற்றும். மூடினால் பயிர் வாடும். வாத்து இளம்பயிரை மேயும். வயலில் தெளித்த பூச்சிமருந்து வடிந்து ஏரியில் கலக்கும். காவலர் ஒருவரை நிறுத்தி இதனைத் தீர்த்துவிட முடியுமா? உழவரோடு அமர்ந்து பேசி முடிவு காண்பவரே இதற்குத் தேவை.

இது புதுமையன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வேடந்தாங்கல் மக்கள், பறவைகளைச் சுடக் கூடாதென்று கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு ஆணை பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். பயன் கண்டவர் காவலரானார்.

இப்பணிக்குச் செல்ல வழிகள் பல. அறிவியல் பட்டதாரிகள் தேர்வாணையத்தின் வனத் தொழில் பழகுநர் தேர்வை எழுதலாம். மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியில் வன உயிரியல் பயிலலாம். பொருளியல், வரலாறு மாணவர்களுக்கும் இடமுண்டு. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் தன் எல்லைக்குட்பட்ட உயிரினங்களையும் அவற்றைப் பற்றி மக்கள் அறிந்தவற்றையும் பதிவேடாகத் தொகுக்க வேண்டும். அதற்கு ஊர் ஊராகச் சென்று பெரியவர்களைக் கேட்டெழுதுவோர் வேண்டும்.

சம்பளம் எவ்வளவு என்பதே என் வீட்டில் எழும் முதற் கேள்வி. நியாயமான கேள்விதான். தொண்டு நிறுவனங்களிலும் ஆய்வுத் திட்டங்களிலும் ஒப்பந்த வேலைகளே மிகுதி. எனினும் முறை வைத்து நீர் பாய்ச்சும் குடும்பங்களில் பிறந்த நமக்கு, உழவரின் கவலை புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை. இப்பணிக்கு அதுவே பெருந்தகுதி. மாணவ நண்பர்கள் சிந்திப்பார்களாக!