நீர்மூழ்கிக் கப்பலுக்கு எந்தப் பட்டம் வேண்டும்?

'பொறியியல் கிடைக்காவிட்டால் எதிர்காலமே இல்லை' என்று மனம் உடையும் பெற்றோர் நம்மிடையே பலர் உளர். பட்டத்தின் பெயர்தான் பிள்ளையின் வாழ்வை முடிவு செய்கின்றதா? அமெரிக்கக் கடற்படை தன் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு அதிகாரிகளைத் தெரிந்தெடுக்கும் முறை, இக்கேள்விக்கு நல்லதொரு விடை தருகின்றது.

உலகின் முதல் அணுசக்தி நீர்மூழ்கியான 'நாட்டிலஸ்' 1954-இல் அக்கடற்படையில் சேர்ந்தது. இன்று அதன் நீர்மூழ்கிகள் அனைத்தும் அணுசக்தியாலேயே இயங்குகின்றன. வாரக்கணக்கில் கடலடியில் உலவும் கலத்தில் அணு உலை பழுதுற்றால், வெளியிலிருந்து நிபுணரை அழைக்க இயலாது. ஆகவே, உணவு மற்றும் பண்டங்களைக் கவனிக்கும் அதிகாரி போன்ற சிலர் நீங்கலாக, அனைவரும் உலையை நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.

அப்படியாயின் பொறியாளர்களுக்கு மட்டுமே அங்கு இடமா? இல்லை. கல்லூரியில் ஓராண்டு நுண்கணிதமும், அதன் அடிப்படையிலான இயற்பியல் ஓராண்டும் நன்கு பயின்றிருத்தலே முதல் நிபந்தனை. பொறியியலும் அறிவியலும் பயின்றோருக்கு வாய்ப்பு மிகுதி என்பது உண்மையே. எனினும் வரலாறும் இலக்கியமும் பயின்றோருக்குக் கதவு அடைபடவில்லை. அனாபோலிஸ் கடற்படைக் கல்லூரியில் வரலாற்று மாணவரும் நுண்கணிதம், இயற்பியல், மின்பொறியியல் ஆகியவற்றைக் கற்றே தீரவேண்டும்.

தலைவரே நடத்தும் நேர்முகம்

விண்ணப்பதாரர் வாஷிங்டனுக்கு அழைக்கப்படுவார். பொறியாளர்கள் கணக்குகளைக் கொடுத்து, தீர்க்கும் வழியை விளக்கச் சொல்வர். விடையைவிடச் சிந்திக்கும் முறையே அங்கு எடைபோடப்படும். இறுதியில் அணு உலைத் துறையின் தலைவரான அட்மிரலே நேரில் கண்டு முடிவு செய்வார்.

இம்முறையை ஏற்படுத்தியவர் ஹைமன் ரிக்கோவர். பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜிம்மி கார்ட்டரையும் அவர் நேர்கண்டார். 820 பேரில் 59-ஆவது இடம் பெற்றதைக் கார்ட்டர் பெருமையுடன் கூறினார். இயன்ற அளவு முழுமையாக முயன்றதுண்டா என்று ரிக்கோவர் வினவினார். எப்போதும் அவ்வாறு முயலவில்லை என்று கார்ட்டர் ஒப்புக்கொண்டார். ஏன் முயலவில்லை என்னும் அடுத்த வினாவுக்கு அவரிடம் விடை இல்லை. எனினும் அவர் தெரிவு செய்யப்பட்டார்.

தேர்வானோர் அணுசக்திப் பள்ளியில் ஏறத்தாழ ஆறு மாதமும், இயங்கும் உலையில் ஏறத்தாழ ஆறு மாதமும் பயில வேண்டும். பெண்களுக்கிருந்த தடை 2010-இல் நீங்க, 2011-இல் முதல் பெண் அதிகாரிகள் பணியேற்றனர்.

மகனோ மகளோ இலக்கியம் பயில விரும்பினால் தடுக்க வேண்டாம். ஆனால் கணிதத்தை அடியோடு கைவிட மட்டும் விடாதீர்கள். பட்டத்தின் பெயர் திறக்காத கதவையும் அந்த அடிப்படை திறக்கக்கூடும்.