கிராமபோன் அண்ணாச்சிக்குக் கால்பந்துப் பித்து!

திருவனந்தபுரம் கரமனையில், ஆற்றங்கரைப் பக்கம் போகும் ஒரு சின்னச் சந்து. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அதற்குள் நுழைந்தால் ஓட்டு வீடு ஒன்றிலிருந்து நாதஸ்வரம் கேட்கும். முதலில் கடலை வறுக்கிற மாதிரி ஒரு கரகர சத்தம். பிறகு தோடி. மூன்று நிமிடம் போல ஓடி, பட்டென்று நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. மறுபடியும் கரகர, மறுபடியும் தோடி.

இடையில் நின்ற அந்த நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது? ஒரு பெரியவர் பிளேட்டைத் திருப்பிப் போடுகிறார். ஊசியை மாற்றுகிறார். பெட்டிக்குச் சாவி கொடுக்கிறார்.

அதே வீட்டுக்கு மாலை நாலு மணிக்குப் போய்ப் பாருங்கள். கதவில் பூட்டுத் தொங்கும். ஊருக்குள் எங்காவது பந்து உருள்கிறதா என்று விசாரியுங்கள். அங்கே கேலரியில் குடையும் கையுமாக உட்கார்ந்திருப்பார் அந்தப் பெரியவர்.

நாங்கள் அவரை அண்ணாச்சி என்றுதான் சொல்லுவோம். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் நாகர்கோவில் வடசேரி. இருபத்தொன்று வயதில், 1971-ல், வேலைக்காக இங்கே வந்தார். அப்போது நாகர்கோவிலுக்கு ரயில் கிடையாது. 1979-ல்தான் வந்தது. ரயில்வே உத்தியோகஸ்தர் ஊருக்குப் போக பஸ்ஸுக்கு நின்ற காலம் அது! "பேரெல்லாம் போடாதே தம்பி, சும்மா எழுது" என்று கையெடுத்துக் கும்பிட்டதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

கச்சேரி ரசிகர்களுக்கு இவரைப் பார்த்தால் சந்தேகம். "கேலரியில் நின்று கூச்சல் போடுகிற ஆளுக்கு ராகம் என்ன தெரியும்?" என்பார்கள். கேலரிக்காரர்களோ "பாகவதரே, வரணும், வரணும்!" என்று கேலி செய்வார்கள். இரண்டு பக்கமும் அவரை முழுசாக நம்பியதில்லை. நானும் இது ஏதோ தனிப் பிறவி என்றுதான் நினைத்திருந்தேன், அமெரிக்காச் சங்கதியைப் படிக்கிறவரை.

அங்கே பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது பேர், உருண்டையான மட்டை, ஓடித் தொட நாலு மூலை. இன்னொரு பக்கம் ஜாஸ் என்று ஒரு சங்கீதம். கறுப்பின மக்கள் வளர்த்தது. மெட்டு ஒன்று இருக்கும். அதை வைத்துக்கொண்டு வாசிக்கிறவர் அந்த நேரத்தில் தோன்றியபடி விரித்துக்கொண்டே போவார். நம்மவர்கள் கற்பனா ஸ்வரம் போடுகிற மாதிரி. இந்த இரண்டுக்கும் ஒரே ஆள் பைத்தியமாக இருப்பது அங்கே சர்வ சாதாரணம்!

ஏன் என்று பார்த்தால் காரணம் இருக்கிறது. பெரிய லீக் ஆட்டங்களில் கறுப்பர்களை வெகுகாலம் சேர்க்கவில்லை. அவர்கள் 1920-ல் கன்சாஸ் சிட்டி என்ற ஊரில் கூடித் தங்களுக்கென்று ஒரு லீக் தொடங்கினார்கள். அந்த ஊரின் கறுப்பர் பேட்டையில், பந்தாடுகிறவனும் வாத்தியம் வாசிக்கிறவனும் ஒரே ஓட்டலில் தங்கினார்கள், ஒரே கடையில் சாப்பிட்டார்கள். வேறு இடத்தில் அறை கொடுக்க ஆளில்லை! அதே பேட்டையில் 1997-ல் பேஸ்பாலுக்கும் ஜாஸுக்குமாக இரண்டு மியூசியங்களை ஒரே கட்டடத்தில் திறந்தார்கள்.

இன்னொரு வேடிக்கை. 'ஜாஸ்' என்ற சொல் முதன்முதலில் அச்சில் வந்தது சங்கீதத்துக்காக அல்ல. 1912-ல் ஒரு லாஸ் ஏஞ்சல்ஸ் பத்திரிகையில், ஒரு பேஸ்பால்காரர் தாம் எறியப் போகும் பந்தைப் பற்றிச் சொன்ன சொல் அது. பாட்டுக்கே பேர் பந்திலிருந்து வந்திருக்கிறது.

லூயி ஆம்ஸ்ட்ராங் என்று ஒரு டிரம்பெட் மேதை. 1931-ல் சொந்த ஊரான நியூ ஆர்லியன்ஸுக்குப் போனபோது, அங்கிருந்த பையன்களின் பேஸ்பால் குழுவுக்குப் புத்தம்புது சீருடை வாங்கிக் கொடுத்தார். சீருடை வெள்ளை வெளேர் என்றிருந்ததாம். அழுக்காகிவிடுமே என்று ஒருவனும் தரையில் சறுக்கவில்லை. ஆட்டம் போயிற்று என்று சொல்வார்கள்!

இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எங்க கதை 1973-லே நடந்துது, கேளு" என்றார்.

எந்தப் பக்கம் கை தட்ட?

1973 டிசம்பர் 27. எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானம். சந்தோஷ் டிராபி இறுதி ஆட்டம். ஒரு பக்கம் கேரளம். அதுவரை ஒரு தடவைகூடக் கோப்பையைத் தொடாத அணி. எதிர்ப்பக்கம் யார் தெரியுமா? ரயில்வே! அதற்குமுன் மூன்று தடவை கோப்பையை வாங்கிய அணி.

அண்ணாச்சி வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம். இருபத்துமூன்று வயது. கூட வேலை பார்த்த நாலு பேரோடு பாஸ் எழுதி வாங்கிக்கொண்டு, ராத்திரி மீட்டர் கேஜ் வண்டியில் உட்கார்ந்தபடியே எர்ணாகுளம் போனார். அந்த நாலு பேரும் மலையாளிகள். சம்பளம் ரயில்வே கொடுத்தாலும் அவர்களுக்குக் குழப்பமில்லை. கேரளம்தான்.

"எனக்குத்தான் தம்பி இடி. சோறு போடுறது ரயில்வே. குடியிருக்கிறது இவங்க ஊர்லே. ரெண்டுமே என் ஊரு இல்லே. எதுக்குக் கை தட்ட? கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

அப்போது பக்கத்திலிருந்த ஒருவர், கேரள அணியின் பயிற்சியாளரைக் காட்டி, "அது நிங்ஙளுடெ ஆளாணு" என்றாராம். உங்கள் ஆள்! உண்மைதான். கேரள அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் சைமன் சுந்தரராஜ். தமிழர். 1960-ல் ரோம் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியில் இருந்தவர்.

கேரளம் 3, ரயில்வே 2. மூன்று கோலையும் போட்டவர் அணித் தலைவர் மணி. மூன்றாவது கோல் விழுந்தபோது தாம் என்ன செய்தோம் என்று அண்ணாச்சிக்கு நினைவில்லை. ஒரு செருப்பு மட்டும்தான் திரும்பி வந்தது. தோளில் போட்டிருந்த துண்டும் போயிற்று என்கிறார். ஆக, கேரளத்துக்கு முதல் கோப்பை கிடைத்ததில் ஒரு தமிழரின் உழைப்பு இருக்கிறது. இங்கே உள்ள நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அதன் பிறகு அவர் எந்த ஆட்டத்தையும் விட்டதில்லை. ஜி.வி. ராஜா பெயரில் நடந்த போட்டிகள், டைட்டானியம் அணி, திருவிதாங்கூர் ஸ்டேட் பாங்க் அணி... பாங்கே 2017-ல் பெரிய பாங்கோடு சேர்ந்துவிட்டது. சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியத்தில் கேரள போலீஸ் அணி பயிற்சி எடுக்கும்போதே போய் நிற்பாராம். விஜயன், பாப்பச்சன், சத்யன், ஷரப் அலி என்று அடுக்குகிறார். 1990-லும் 1991-லும் அடுத்தடுத்து பெடரேஷன் கோப்பையை வாங்கிய அணி அது. தம்மோடு நாலு வீடு தள்ளிக் குடியிருந்தவர்களைப் போலத்தான் பேசுகிறார்.

1992-ல் சந்தோஷ் டிராபி இறுதி ஆட்டம் கோயம்புத்தூரில் நடந்தது. கேரளம் கோவாவை 3-0 என்று வென்றது. அண்ணாச்சி அங்கேயும் போயிருந்தார். கேரளத்துக்குக் கத்தியவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த கோவைக்காரர், "நல்லாத் தமிழ் பேசறீங்களே, எங்கே கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாராம்! அண்ணாச்சிக்கு இன்றுவரை அந்தக் கேள்வி ஆறவில்லை. நமக்கும்தான், நண்பர்களே. அங்கே போனால் மலையாளத்தான். இங்கே இருந்தால் பாண்டிக்காரன்.

அரக்குப் பிளேட்டு

பிளேட்டு சேர்க்கும் பழக்கம் 1978-ல் வந்தது. சாலைக் கடைத்தெருவில் பழைய சாமான் கடையில் ஒரு கட்டுப் பிளேட்டுகள் கிடந்தன. மேலே இருந்தது திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, கொலம்பியா கம்பெனி பிளேட்டு. வடசேரியில் சின்ன வயதில் கல்யாண வீட்டு வாசலில் நின்று கேட்ட வாத்தியம். பிளேட்டை வாங்கிவிட்டார். அதைப் போட்டுக் கேட்கப் பெட்டி கிடையாது. பெட்டி வாங்க ஏழு மாசம் ஆயிற்று! அதுவரை பிளேட்டை எடுத்துப் பார்த்துப் பார்த்து வைப்பாராம்.

இப்போது 211 பிளேட்டுகள் இருக்கின்றன. நானே எண்ணினேன். பழைய பிளேட்டுகள் நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும். ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடம்தான் அடங்கும். கோயில் வாசலில் மணிக்கணக்கில் தோடி வாசிக்கிறவர் அதை மூன்று நிமிடத்துக்குள் எப்படிச் சொல்வது? அங்கே அமெரிக்காவில் ஆம்ஸ்ட்ராங்குக்கும் அதே கஷ்டம்தான். விடிய விடிய வாசிக்கிற ஆட்களை அந்த அரக்குத் தட்டு சுருங்கச் சொல்லப் பழக்கியது. ஆமாம், அது அரக்கில் செய்த சாமான். கீழே விழுந்தால் ஓட்டுச்சில்தான்.

1980-ல் யேசுதாஸ் இதே ஊரில் தரங்கிணி ஸ்டூடியோவைத் தொடங்கினார். வீட்டுக்கு வீடு கேசட் வந்தது. எல்லோரும் பிளேட்டைத் தூக்கிப் போட்டார்கள். அண்ணாச்சிக்கு யோகம்! கூப்பிட்டுக் கொடுத்தவர்களும் உண்டு.

1986-ல் ஓர் ஆபத்து வந்தது. மகனுக்கு எட்டு வயது. வீட்டுக்குள் பந்தடித்தான். பந்து நேராகப் போய் மேஜையில் பட்டது. தோடி விழுந்து மூன்று துண்டு. பையன் நடுங்கிப் போனான். அண்ணாச்சி கையை ஓங்கினாராம். அடுப்படியிலிருந்து ஒரு குரல்: "உள்ளே வச்சுப் பந்தடிக்கச் சொல்லிக் கொடுத்தது ஆரு?" ஓங்கிய கை இறங்கிவிட்டது. அடுத்த தோடி கிடைக்க இரண்டு வருஷம் அலைந்தார். உடைந்த மூன்று துண்டும் இன்னும் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன.

நவராத்திரி வந்தால் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்துக்குப் போவார். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும், வேளிமலையிலிருந்து குமாரசாமியும் வருஷா வருஷம் எல்லை தாண்டி இங்கே வந்து போகிறார்களே, அந்த விழாதான். "அவங்களுக்காவது பத்து நாள்லே திரும்பிப் போக வழி இருக்கு" என்பார். அந்த மண்டபத்தில் கை தட்டக்கூடாது. எவ்வளவு நன்றாகப் பாடினாலும் மூச்சுக் காட்டக்கூடாது. வெகுகாலம் பெண்களைப் பாடவும் விடவில்லை. 2006-ல்தான் பாறசாலை பொன்னம்மாள் முதன்முதலாகப் பாடினார். அன்றைக்கு அண்ணாச்சியும் போயிருந்தார். தட்ட முடியாத கையைத் தொடையில் வைத்து அழுத்திக்கொண்டு இருந்தாராம். எர்ணாகுளத்தில் கட்டியிருந்த கை மாதிரி.

சென்ற மாதம் என் போனில் 'டேக் பைவ்' என்ற ஜாஸ் இசையைப் போட்டுக் காட்டினேன். டேவ் புரூபெக் குழு 1959-ல் பதிவு செய்தது. இந்தப் புரூபெக் 1958-ல் சென்னை வந்தபோது நம் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்தவர். அண்ணாச்சிக்கு இடது காது மந்தம். போனை வலது காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். விரல் தொடையில் எண்ணத் தொடங்கியது.

"அஞ்சு!" என்றார். "எடே, இது அஞ்சுலே போகுது. நம்ம கண்ட சாப்பு ரெண்டும் மூணும். இவன் மூணும் ரெண்டுமாப் போடுதான். திருப்பிப் போட்டிருக்கான், கள்ளன்!"

ஆங்கிலப் பேர் ஒன்றும் அவருக்கு வாயில் நுழையவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னார். மூன்று தடவை கேட்டார்.

இப்போது ஒரு சங்கடம். அண்ணாச்சியின் மனைவி காலமாகி நாலு வருஷம் ஆகிறது. மகன் சென்னையில் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறான். தனியாக இருக்க வேண்டாம், இங்கே வந்துவிடுங்கள் என்று வாரம் தவறாமல் போன் செய்கிறான். மூன்றாவது மாடியில் பிளாட். பிளேட்டு வைக்க இடமில்லை என்று இவர் சாக்குச் சொன்னார். மகன் ஆசாரியைக் கூப்பிட்டு, நடு அறையில் சுவர் நீளத்துக்கு ஓர் அலமாரியே செய்துவிட்டான். படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். தேக்கு. ஒவ்வொரு தட்டிலும் பிளேட்டுகள் சாயாமல் நிற்கத் தடுப்பு வைத்திருக்கிறான்.

அந்தப் படத்தை என்னிடம் காட்டினார். "பய பாசமாத்தான் செஞ்சிருக்கான். எட்டு வயசிலே உடைச்சதுக்கு இப்பக் கட்டுதான் போலிருக்கு" என்றார். கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அலமாரி சரி தம்பி. கேலரிக்கு என்ன செய்வான்?"

நான் பதில் சொல்லவில்லை. மூன்றேகால் ஆகியிருந்தது. நாலு மணிக்கு ஸ்டேடியத்தில் ஏதோ ஆபீஸ் அணிகளின் ஆட்டம். யாருக்கும் யாருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. பெட்டியை மூடித் துணி போர்த்திவிட்டு, கதவைப் பூட்டி, குடையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் சந்தில் இறங்கி நடந்தார்.