மாணிக்கமா, கண்ணாடியா? கல் வாங்குவோர் அறிய வேண்டியவை

கனிமத்தை அடையாளம் காண்பதில் நிறத்தைப் போல நம்பத் தகாத குறி வேறில்லை. மாணிக்கம், ஸ்பினெல், கார்னெட், சாயக் கண்ணாடி நான்கும் ஏறத்தாழ ஒரே சிவப்பில் கிடைக்கின்றன. பிரிட்டிஷ் அரச மகுடத்தில் ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ எனப் பெயர் பெற்ற கல்கூட ஸ்பினெல்தான்.

நிறத்தைவிட உறுதியான குறி கடினத்தன்மை. ஜெர்மானியக் கனிமவியலாளர் மோஸ் 1812இல் வகுத்த அளவுகோலில் வைரம் 10, மாணிக்கமும் நீலமும் அடங்கும் குருந்தம் 9, குவார்ட்ஸ் 7. கண்ணாடி சுமார் 5.5. அதனால்தான் சில ஆண்டுகள் அணிந்த கண்ணாடிக் கல்லில் பட்டைகளின் விளிம்பு மழுங்கிவிடுகிறது. மாணிக்கத்தில் பெரும்பாலும் கூர்மையாகவே நிற்கிறது. இதைப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸில் பார்த்தால் போதும், கீறிப் பார்க்கக் கூடாது. சுத்தியல் சோதனை அதைவிட மோசம்: கீறலுக்கு அசையாத வைரம், பிளவுத் தளத்தில் அடி விழுந்தால் இரண்டாகும்.

நகையில் பதிக்காத கல்லானால் ஒப்படர்த்தியை வீட்டிலேயே அளக்கலாம். 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு வேண்டும். 6 காரட், அதாவது 1.20 கிராம் எடையுள்ள மாணிக்கத்தை நூலில் கட்டித் தண்ணீரில் மூழ்கவிட்டு நிறுத்தால் சுமார் 0.90 கிராம் காட்டும். குறைந்த 0.30ஆல் 1.20ஐ வகுத்தால் 4. அதே எடையுள்ள சாதாரணக் கண்ணாடி 0.72 காட்டும், ஒப்படர்த்தி 2.5. ஆனால் கார்னெட் சிலவும் 4ஐ ஒட்டியே வரும் என்பதால், இந்த ஒரு சோதனையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பாலில் போட்டால் பால் சிவக்கும் என்ற சோதனைக்கோ எந்தப் பொருளும் இல்லை; சிவப்புக் கண்ணாடியும் அதே சாயலைத்தான் காட்டும்.

இத்தனைக்கும் பிடிபடாதது செயற்கை மாணிக்கம். பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னொய் 1902இல் அறிவித்த முறையில் உருவாகும் கல்லும் குருந்தமே. கடினமும் அடர்த்தியும் மாறாது. லென்ஸில் வளைந்த கோடுகளும் குமிழிகளும் தென்பட்டால்தான் சந்தேகம் எழும். விரிசல்களில் ஈயக் கண்ணாடி நிரப்பிய கல் இன்னொரு வகை. விளக்கொளியில் திருப்பினால் விரிசலோரம் நீலம் மின்னும். எலுமிச்சைச் சாறு பட்டாலும், நகை பழுது பார்ப்பவரின் தீச்சுடர் பட்டாலும் நிரப்பிய கண்ணாடி கெடும். இதைச் சொல்லாமல் இயற்கைக் கல்லின் விலைக்கு விற்பதே இந்தச் சந்தையின் பெரிய மோசடி.

தங்க நகையில் உள்ள ஹால்மார்க் கல்லுக்கும் சேர்த்துத்தான் என்று பலர் நம்புகிறார்கள். அது உலோகத்தின் தூய்மைக்கு மட்டுமே. கல்லின் எடையைக் கழித்த பிறகே தங்கத்துக்கு விலை போட வேண்டும். பில்லில் கல்லின் பெயர், காரட் எடை, இயற்கையா செயற்கையா, சூடேற்றியதா நிரப்பியதா என்பவை எழுத்தில் இருக்கட்டும். ஆய்வகச் சான்றிதழ் தந்தால் அதிலுள்ள எடையும் அளவும் கையிலுள்ள கல்லோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பது அவசியம்.

பொருளின் தரம், தூய்மை, விலை பற்றி அறியும் உரிமையை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. பில் தர மறுப்பதும் அச்சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. ஏமாந்தவர் முதலில் கடைக்கு எழுத்தில் தெரிவிக்கலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் அழைக்கலாம். தீராவிட்டால் 2 ஆண்டுகளுக்குள், தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை அங்கே விசாரணை உண்டு; 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. சோதித்தால்தான் குறை தெரியும் என்ற நிலையில் ஆணையமே கல்லை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். சோதனைச் செலவை முறையிட்டவர் முன்கூட்டிக் கட்ட நேரலாம். வழக்கு முடியும்வரை கல்லைக் கழற்றி வேறு நகையில் பதிக்கக் கூடாது. நாங்கள் விற்ற கல் இதுவல்ல என்று கடைக்காரர் சொல்ல அது இடம் கொடுத்துவிடும்.