ஆட்டின் மூக்கில் நடக்கும் போர்

மத்தியதரைக் கடல் நாடுகளில் செம்மறி வளர்ப்பவர்களுக்குத் தலையிடி தரும் இலையான் ஒன்று உண்டு. ஈஸ்ட்ரஸ் ஓவிஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். இது முட்டை இடுவதில்லை. பறந்தபடியே, 1 மில்லிமீற்றர் அளவான உயிர்ப் புழுக்களை ஆட்டின் மூக்கில் பீச்சிவிட்டுப் போகும். அதற்குப் பயந்து ஆடுகள் மேயாமல், மூக்கை நிலத்தோடு அழுத்தியபடி கூட்டமாக நிற்கும்.

புழுக்கள் மூக்கிலும் நெற்றி எலும்பின் காற்றறைகளிலும் தங்கி, 2 முதல் 3 சென்ரிமீற்றர் வரை வளரும். அவை சுரக்கும் நொதியங்கள் சளியைக் கரைத்து உணவாக்கிக் கொடுக்கும்.

ஆட்டின் உடலும் சும்மா இருப்பதில்லை. அந்தச் சுரப்புகளை இனங்கண்டு, அவற்றுக்கெதிராகப் பிறபொருளெதிரிகளை உண்டாக்குகிறது. மாஸ்ற் கலங்களும், இயோசினோபில் எனப்படும் வெண்குருதிக் கலங்களும் மூக்குச் சவ்வில் திரள்கின்றன. பல புழுக்கள் வளர்ச்சி குன்றுகின்றன; சில மடிகின்றன.

ஆனால் இந்த ஆயுதங்கள் மூக்கையும் வீங்கச் செய்கின்றன. சளி வடிதல், தும்மல், மூச்சுத்திணறல் என்பவற்றில் பெரும்பங்கு உடலின் எதிர்ப்பினாலேயே வருகிறது. முன்பே பழக்கப்பட்ட ஆட்டில் ஒருசில புழுக்களே கடும் அவதியைத் தரலாம். எனவே புழுக்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து நோயின் கடுமையை அளவிட முடியாது.

வசந்தகாலத்தில் மகரந்தத்தூளால் எங்கள் பிள்ளைகளின் மூக்கு வடிவதும் இதே மாஸ்ற் கலங்களின் வேலைதான். ஆனால் மகரந்தம் தீங்கற்றது, புழு அப்படியல்ல. மூக்கு வடியும் செம்மறியை வெறும் தடிமன் என்று விட்டுவிடாமல் மிருக வைத்தியரிடம் காட்டவேண்டும். ஐவர்மெக்ரின் போன்ற மருந்துகள் புழுக்களைக் கொல்லும்.