காலிலிருந்து திரும்பும் குருதி

இருதயத்திலிருந்து குருதி புறப்படுவதை நாம் அறிவோம். காலிலிருந்து அது மேலேறித் திரும்புவதை எண்ணிப் பார்ப்பதில்லை.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் குருதி உண்டு. ஓய்வாக இருக்கையில் இருதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றுவதும் ஏறத்தாழ அவ்வளவே. அத்தனையும் திரும்பி வந்தாக வேண்டும். ஈரலில் உண்டாகும் குருதி உடலெங்கும் சென்று தீர்ந்துபோகிறது என நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹாவி, 1628 இல் வெளியிட்ட நூலில், இத்தகைய கணக்கொன்றைக் காட்டியே அதனை மறுத்தார். கையைக் கட்டி, புடைத்த நாளத்தை விரலால் அழுத்தி, குருதி இருதயத்தை நோக்கியே செல்வதையும் காட்டினார். நாளங்களின் உள்ளேயுள்ள வால்வுகள் அதனைப் பின்னோக்கி விடுவதில்லை.

ஆயினும் காலிலிருந்து ஏற வால்வு மட்டும் போதாது. நடக்கையில் கெண்டைக்காற் தசைகள் சுருங்கி நாளங்களை நெருக்க, குருதி மேலே தள்ளப்படுகிறது. உணவகச் சமையலறையில் பத்து மணிநேரம் நின்ற இடத்தில் நிற்கும் நம்மவருக்கு இவ்வுதவி குன்றுகிறது. மாலையிற் கால் கனப்பது அதனாற்றான். குளிரின்மேற் பழிபோடுவது நம் வழக்கம். இடையிடையே குதிக்காலை உயர்த்தித் தாழ்த்தினாலும் பயனுண்டு.

ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும் வெம்மையும் தோன்றின் அது வேறு. ஆழ்நாளத்தில் உறைந்த குருதிக்கட்டி பெயர்ந்தால், இருதயத்தின் வலப்புறத்தைக் கடந்து நுரையீரல் நாடியை அடைத்துவிடலாம். அக்காலை எண்ணெய் பூசி உருவாது, அன்றே வைத்தியரிடம் காட்டுக. மூச்சுத்திணறலோ நெஞ்சுநோவோ சேர்ந்தால் உடனே அம்புலன்சை அழையுங்கள். மொழிபெயர்க்கப் பிள்ளை பாடசாலையால் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.