தோற்பிணிகளும் அவற்றின் பெயர்களும்

கல்லூரி மலருக்குத் தமிழாசிரியன் ஒருவன் கட்டுரை எழுதப் புகுந்தால், இலக்கிய நயமோ இலக்கண ஆராய்ச்சியோ எழுதுவான் என்றே பழைய மாணவர் எதிர்பார்ப்பர். யான் இம்முறை எடுத்துக்கொண்ட பொருள் சொறி, படை, தேமல் என்பன. இவை வைத்தியர்க்குரியவை அல்லவா, உமக்கேன் இவ்வேலை என்று வினவுவார்க்கு விடை உண்டு. மாணாக்கரின் கையையும் கழுத்தையும் நாள்தோறும் அருகில் நின்று காண்பவன் ஆசிரியன். பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வரும் வைத்தியர் ஒருநாளிற் காண்பதை அவன் ஆண்டு முழுவதும் காண்கின்றான். அன்றியும், இப்பிணிகளால் நேரும் கேட்டிற் பெரும்பகுதி சொல்லால் விளைவது. அரிப்பதெல்லாம் சொறி, வட்டமாய்த் தோன்றுவதெல்லாம் படை, வெளுத்ததெல்லாம் தேமல் என்று பெயரிட்டுவிடுகின்றோம். பெயர் தவறியபின் மருந்தும் தவறுகின்றது. சொற்பிழை திருத்துதல் தமிழாசிரியன் தொழிலாதலின், இங்கு யான் வரம்பு கடந்தேன் அல்லேன்.

சங்கப் புலவர் மகளிர் மேனியிற் படர்ந்த சுணங்கை அழகென்று பாடினர். உரையாசிரியர்கள் அதற்குத் தேமல் என்று பொருள் கூறுவர். நம் மாணவன் கழுத்திற் காணும் தேமல் அவ்வழகைச் சேர்ந்ததன்று. ஒரு சொல் இருவேறு பொருளைத் தாங்கி நிற்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

வளர்ந்தவர் ஒருவரின் தோலை விரித்து அளந்தால் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு சதுர மீற்றர் வரும். அதன் மேற்படை ஏறத்தாழ ஒரு மாதத்திற்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகின்றது. வெப்பத்தையும் நீரையும் கிருமியையும் தடுத்து நிற்கும் இம்மதிலின் மீதும் உள்ளும் சிற்றுயிர்கள் பல குடியிருக்கின்றன. அவற்றுட் பல தீங்கற்றவை. சில வாடகை கொடாது வீட்டையும் இடிப்பவை.

வீட்டை இடிப்பவற்றுள் தலையாயது சொறியை உண்டாக்கும் சிற்றுயிர். உண்ணியின் இனத்தைச் சேர்ந்த இது, அரை மில்லிமீற்றருக்கும் குறைந்த நீளமுடையது. இதன் பெண் தோலின் மேற்படையில் வளை தோண்டி, நாளொன்றுக்கு இரண்டு மூன்று முட்டையிட்டு, ஒரு மாதத்திற்கு மேல் உயிர்வாழும். விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றிய இடம், தொடையிடுக்கு ஆகியவை அதன் விருப்பமான உறைவிடங்கள். இரவில் அரிப்பு மிகும். 1687 ஆம் ஆண்டிலேயே இத்தாலியரான பொனோமோ என்பவர் இவ்வுயிரை உருப்பெருக்கியாற் கண்டு எழுதினார். அங்ஙனமாகவும், அழுக்கினாலும் இரத்தக் கேட்டினாலும் சொறி வருகின்றது என்னும் எண்ணம் இன்றும் நம்மை விட்டு நீங்கவில்லை.

அவ்வெண்ணத்தால் யானே ஒரு பிழை செய்தேன். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையை விட்டு வெளியேறிய புதிதில், ஒரு சிற்றூர்ப் பாடசாலையிற் கற்பித்தபோது, ஓயாது கையைச் சொறிந்துகொண்டிருந்த சிறுவன் ஒருவனைக் கடைசி வாங்கில் தனியே இருத்தி, குளித்துவிட்டு வருமாறு எல்லோரும் கேட்கக் கூறினேன். அவன் மறுநாளும் வந்தான். தலையில் ஈரம் காயாமல் வந்தான். அடுத்த வாரமும் சொறிந்தான், மீண்டும் கூறினேன். அதன்பின் அவன் வரவில்லை. வீட்டிற்குச் சென்று பார்த்தபோது, ஒரே பாயில் ஐவர் படுக்கும் அக்குடும்பத்தில் கைக்குழந்தை உட்பட அனைவர்க்கும் சொறி இருந்தது. தாய் அவன் ஒருவனுக்கு மட்டும் இருமுறை மருந்து வாங்கிப் பூசியிருந்தாள். அவன் குளித்துத்தான் வந்திருக்கின்றான். நீராற் போகும் பிணியன்று அது என்பதை அறியாதவன் யானே.

சொறிக்கு மருந்து எளிது; மருந்திடும் முறையே பலர் தவறவிடுவது. 5 வீதப் பெர்மெத்திரின் களிம்பையோ, 25 வீதப் பென்சயில் பென்சோவேற்றுக் கரைசலையோ வைத்தியர் கொடுப்பர். பென்சோவேற்று எரிச்சல் தரும்; சிறு குழந்தைகட்கு அதனை அவ்வாறே பூசலாகாது. களிம்பை அரிக்கும் இடத்தில் மட்டும் தடவாது, கழுத்து முதல் உள்ளங்கால் வரை, நகத்தின் அடியும் விரலிடுக்கும் விடாது பூசி, இரவு முழுதும் வைத்துக் காலையிற் கழுவுதல் வேண்டும். ஒரு வாரங் கழித்து அவ்வாறே மீண்டும் ஒருமுறை. இவற்றினும் முதன்மையானது, வீட்டிலுள்ளோர் அனைவரும், அரிப்பு இல்லாதவரும், ஒரே இரவிற் பூசுவதாகும். முதன்முறை தொற்றியவர்க்கு அரிப்புத் தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். அதுவரை அவர் நலமுடையவர் போலத் தோன்றிக்கொண்டே பிறர்க்குக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

இவ்வுண்மையை ஐயமற நாட்டியவர் மெலன்பி என்னும் ஆங்கில அறிஞர். இரண்டாவது உலகப்போர்க் காலத்தில், 1941 ஆம் ஆண்டு தொடங்கி, செபீல்ட் நகரில், போரிடுதல் தம் மனச்சான்றுக்கு ஒவ்வாதென மறுத்த இளைஞர் சிலர் தம் உடலையே அவர் ஆராய்ச்சிக்கு அளித்தனர். சொறியுற்ற படைவீரர் போர்த்திய கம்பளிகளிலும் உடுத்த உள்ளாடைகளிலும் அவர்கள் உறங்கினர். அவ்வாறு உறங்கியவருள் தொற்றியவர் மிகச் சிலரே. உடலோடு உடல் நெருங்கிப் படுக்கும்போதே பிணி பெரும்பாலும் பரவுகின்றது என்பது தெளிவாயிற்று. நம் தாய்மாரோ பாயையும் போர்வையையும் அவித்துக் காயவைத்துக் களைத்துப்போகின்றனர். ஆளுக்கு மருந்திடுவதைப் பாதியில் விட்டுவிடுகின்றனர். உடையை வெந்நீரில் தோய்த்து வெயிலில் உலர்த்துதல் நன்றே. தோய்க்க இயலாதவற்றை ஒரு பையிற் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைத்தாற் போதும். மருந்திட்ட பின்னும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு நீடிக்கலாம். மருந்து பலிக்கவில்லையென மயங்கி மேன்மேலும் பூசவேண்டா. சொறிந்த புண்ணிற் சீழ் வைத்துச் சிரங்கானால் தாமதிக்கலாகாது. அதில் ஏறும் பற்றீரியா சிலவேளை சிறுநீரகத்தைத் தாக்கும்.

நிற்க. படை அல்லது படர்தாமரை எனப்படுவது வேறு. இது பங்கசினால் வருவது. விளிம்பு தடித்துச் செதிலாகி, நடுவிடம் தெளிந்து, வட்டமாக வெளிநோக்கிப் படரும். விளையாட்டு முடிந்து வியர்வை தோய்ந்த காற்சட்டையுடனே மாலை முழுதும் திரியும் மாணவர்க்கும், ஒருவர் துவாயையும் சாரத்தையும் மற்றவர் எடுத்து உடுக்கும் விடுதி மாணவர்க்கும் தொடையிடுக்கில் வரும். வெட்கத்தினால் எவரிடமும் கூறார். தோழன் ஒருவன் ஒரு களிம்பின் பெயரைச் செவியிற் சொல்லுவான். அதனை வைத்தியர் கடிதம் இன்றியே கடையில் வாங்கிப் பூசுவர். இரண்டு நாளிற் சிவப்பு மறையும், அரிப்பு அடங்கும். அற்புதமான மருந்தென்று அடுத்தவனுக்கும் சொல்லுவர்.

அற்புதத்தின் உட்பொருள் யாதெனின், அக்களிம்பில் பீற்றாமெதசோன், குளோபீற்றசோல் முதலிய ஸ்ரெரோயிட் மருந்து கலந்திருப்பதே. அது பங்கசைக் கொல்லாது. பங்கசை எதிர்த்து உடல் நடத்தும் போரை நிறுத்திவிடும். சிவப்பும் அரிப்பும் அப்போரின் அடையாளங்கள். போர் நின்றதும் அவை மறைகின்றன. பகைவனோ தடையின்றிப் பரவுகின்றான். களிம்பை நிறுத்தியதும் முன்னினும் பன்மடங்காக எழும். பிரித்தானிய வைத்தியர் ஐவ், மார்க்சு என்னும் இருவர் 1968 ஆம் ஆண்டில் இந்நிலையை விளக்கி, மாறுவேடம் பூண்ட படை என்னும் பொருள்பட இலத்தீனிற் பெயரிட்டனர். மாதக்கணக்கிற் பூசினால் தோல் மெலிந்து, தொடையில் வெடிப்புப் போன்ற வரிகள் விழும். அவை பின்னர் மறைவதில்லை. இக்கலவைக் களிம்புகளின் தவறான வழக்கம் நம் அயல்நாடான இந்தியாவில் எளிதிற் குணமாகாத படைநோய் பெருகுவதற்கு ஒரு காரணமெனக் கருதப்படுகின்றது. வழக்கமான மருந்தாகிய தெர்பினபினுக்குப் பலவேளை அடங்காத ஒரு பங்கசு, 2020 ஆம் ஆண்டில் தனியினமாகப் பெயரிடப்பட்டு, இப்போது பல நாடுகளிற் காணப்படுகின்றது. ஸ்ரெரோயிட் தீய மருந்தன்று. கரப்பானுக்கு அதுவே தக்க மருந்தாகலாம். தக்க நோய்க்கு, தக்க அளவில், வைத்தியர் சொல்லிய நாள்வரை என்பதே அதற்குரிய விதி.

படைக்குரியது பங்கசைக் கொல்லும் தனி மருந்து; குளோத்திரிமசோல் போன்றது. படையின் விளிம்புக்கு அப்பாலும் இரண்டு சென்ரிமீற்றர் அளவு சேர்த்து, நாளைக்கு இருமுறை பூசி, மறைந்தபின்னும் இரண்டு வாரம் தொடர்தல் வேண்டும். பெரும்பாலோர் மறைந்த அன்றே நிறுத்துவதால் திரும்பவும் வருகின்றது. முன்னோர் சீமையகத்தி இலையை அரைத்துப் பூசினர். அவ்விலையிற் பங்கசை எதிர்க்கும் பொருள் உண்டென்பது ஆராய்ச்சியிலும் காணப்பட்டதே. ஆயினும் உடலெங்கும் பரவிய படைக்கு அது போதாது.

முகப்பருவைப் பற்றி மேல்வகுப்பு மாணவர் பலர் கேட்பதால் சிறிது கூறுவேன். இளமையில் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதியாகச் சுரந்து, துவாரம் அடைபடுவதால் வருவது அது. முகங்கழுவாமையால் வருவதன்று, நாளைக்குப் பத்துமுறை சவர்க்காரமிட்டால் தோல் வறண்டு எரியுமேயன்றிப் பரு குறையாது. கிள்ளினாற் குழி விழும். பென்சோயில் பெரொக்சைட்டு முதலிய மருந்துகள் பயன் தருவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பொறுமையிழந்து வாரந்தோறும் மருந்தை மாற்றுவோர்க்கு எதுவும் பயன் தராது. வெண்மை தரும் என்று விற்கப்படும் களிம்புகளைத் தொடாதிருத்தல் நலம். அவற்றுட் சிலவற்றிற் பாதரசம் உண்டு. அது தோலின் வழியே உட்சென்று சிறுநீரகத்தைக் கெடுப்பது. கருமையைப் பிணியாகக் கருதும் பேதைமைக்கு மருந்துக்கடையில் மருந்தில்லை.

இனி வெளிறிய திட்டுகளுக்கு வருவோம். இங்கேதான் பெயர்க்குழப்பம் பெருந்தீங்காக முடிவது. தேமல், எல்லோர் தோலிலும் இயல்பாக வாழும் ஒருவகை மதுவம் அளவுமீறிப் பெருகுவதால் தோன்றுவது. மார்பு, முதுகு, கழுத்து இவ்விடங்களில் வரும், நகத்தாற் கீறினால் மாப்போன்ற செதில் உதிரும், பிறர்க்குத் தொற்றாது. பங்கசு மருந்து கலந்த கழுவுநீரால் மதுவம் அழியும். நிறம் மீள மட்டும் சில மாதம் செல்லும். வெண்குட்டம் என்று நாம் இரக்கமின்றி அழைப்பது, நிறந்தரும் உயிரணுக்களை உடல் தானே அழிப்பதால் பால்போல் வெளுப்பது. அதற்கும் குட்டத்திற்கும் எவ்வகைத் தொடர்பும் இல்லை, தொற்றுவதும் இல்லை. வெண்புள்ளி என்று வழங்குவதே தக்கது. எத்தனை பெண்களின் திருமணம் அந்த ஒரு சொல்லால் தடைப்பட்டிருக்கும்!

மூன்றாவது தொழுநோய். அது முற்றாக ஒழிந்துவிட்டது என்று எண்ணுவோர் பலர். ஒல்லாந்தர் 1708 ஆம் ஆண்டில் எந்தலையில் தொழுநோயாளர்க்கு மனை அமைத்ததும், மட்டக்களப்பு வாவியின் மாந்தீவில் நோயாளரை ஒதுக்கிவைத்ததும் பழங்கதைகள் எனக் கொள்வர். பத்தாயிரம் பேர்க்கு ஒருவர்க்கும் குறைவு என்னும் நிலையை இலங்கை 1995 ஆம் ஆண்டில் எய்தியது உண்மை. ஆயினும் அதன்பின்னரும் பெரும்பாலான ஆண்டுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் புதிதாகக் கண்டறியப்பட்டு வந்துள்ளனர். அவர்களுள் ஏறக்குறையப் பத்திலொருவர் சிறுவர். கிருமி உட்புகுந்து குறி தோன்றுவதற்குச் சராசரி ஐந்தாண்டு செல்லும்; இருபதாண்டும் செல்லலாம். அதன் திட்டு அரிக்காது, வலிக்காது. ஆதலின் எவரும் பொருட்படுத்தார்.

உற்றறியும் அறிவையே தொல்காப்பியர் முதலறிவாக வைத்தார். தொழுநோய் முதலிற் கவர்வதும் அதனையே. திட்டு உள்ளவனைக் கண்ணை மூடச்செய்து, திரித்த பஞ்சின் நுனியால் ஒருமுறை நல்ல தோலையும் ஒருமுறை திட்டையும் மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தைச் சுட்டிக்காட்டச் சொல்லுக. திட்டைத் தொடும்போது அறியானாயின் அன்றே அரசாங்க வைத்தியசாலைத் தோல்நோய்ப் பிரிவுக்கோ, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ அழைத்துச் செல்க. உணர்ச்சி இருப்பினும் திட்டு மாதக்கணக்கில் மாறாதிருந்தால் வைத்தியர்க்குக் காட்டுதல் முறை. சிறுவரிடத்தும் முகத்திலும் இச்சோதனை சிலவேளை பிழைக்கும்.

சில ஆண்டுகளின் முன் என் மாணவன் ஒருவன், வெப்பம் மிகுந்த நாளிலும் நீளக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றாதவன், சூடான தேநீர் மணிக்கட்டிற் சிந்தியபோது அசையாது பேசிக்கொண்டிருந்தான். கொப்புளம் எழுந்ததை அருகிலிருந்தவன் சொல்லியே கண்டான். சட்டையை உயர்த்திப் பார்த்தேன். உள்ளங்கையளவு வெளிறிய திட்டு. எட்டு மாதமாகத் தேமலுக்கென்று பல களிம்பு பூசியிருந்தனர். பெற்றாரைக் கண்டு பேச எனக்கு மூன்று மாலைப்பொழுது பிடித்தது. தொழுநோய் என்னும் சொல்லை அத்தந்தை என் வாயாற் கேட்க விரும்பவில்லை. கூட்டு மருந்து உலகெங்கும் இலவசமாகவே கொடுக்கப்படுகின்றது, நோயின் அளவுக்கேற்ப ஆறு மாதமோ ஓராண்டோ உண்டாற் குணமாகும், உண்ணத் தொடங்கியதும் விரைவிலேயே பிறர்க்குப் பரவுதல் நின்றுவிடும், பள்ளியை ஒருநாளும் விடவேண்டுவதில்லை என்று திரும்பத் திரும்பக் கூறினேன். நான்காம் நாட் காலை அவரே சைக்கிளில் அவனை ஏற்றிக்கொண்டு வைத்தியசாலை வாயிலில் எனக்காகக் காத்திருந்தார்.

அவன் ஆறு மாதம் மருந்துண்டு முடித்தான். வகுப்பில் எவரும் அறியார். இடமும் ஆண்டும் ஈண்டு யான் கூறாமைக்கும் அதுவே காரணம். வழக்கப்படி வீட்டாரையும் பரிசோதித்தனர். அவன் தங்கையின் முதுகில், அவளே காணமுடியாத இடத்தில், அத்தகைய திட்டொன்று சிறிதாக இருந்தது. அவளுக்கும் அந்த வாரமே மருந்து தொடங்கினர்.